நடையையும் அமைப்பையும் ஆராய நான்கு வழிகள்: எது எப்போது கைகொடுக்கும்?

ஒரு கதை மனதைப் பிடித்துவிடுகிறது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "எளிய நடை", "கச்சிதமான அமைப்பு" என்று இரண்டு தொடர் வருகிறது. மூன்றாவது வருவதில்லை. வகுப்புக்குக் கட்டுரை எழுதுபவர், வாசகர் வட்டத்தில் பேசப்போகிறவர், ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்தவர், தன் கதையைத் தானே திருத்துபவர் என்று பலரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். அப்புறம் முறையைத் தேடுகிறார்கள். தேடினால் ஒன்றுக்கு நாலாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தன்னிடமே எல்லாம் இருப்பதுபோலப் பேசுகிறது.

அந்த நாலையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். வரிவரியாக நுணுகி வாசிப்பது ஒன்று. கதை சொல்லப்படும் விதத்தை வரைந்து பார்ப்பது, அதாவது எடுத்துரைப்பியல், இரண்டாவது. தமிழ்ச் செய்யுளியல் மரபின் கருவிகளைக் கையில் எடுப்பது மூன்றாவது. சொற்களையும் வாக்கியங்களையும் எண்ணிப் பார்ப்பது நாலாவது. நாலையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன், நாலிலும் வழுக்கியிருக்கிறேன். "எல்லாமே நல்லது, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்" என்று சொல்லி முடிக்கப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தவறான வேலைக்கு எடுத்தால் நேரம் போகும், படைப்பும் கைநழுவும்.

## முதலில் அளவுகோல்கள்

நடை என்றால் சொல், வாக்கியம், ஒலி ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். அமைப்பு என்றால் பகுதிகள் அடுக்கப்பட்ட விதம்: எது முதலில், எது கடைசியில், எது சொல்லாமல் விடப்பட்டது. இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவைதான். ஆனாலும் ஒன்றைப் பார்க்கிற கருவி இன்னொன்றை அவ்வளவு நன்றாகக் காட்டாது. ஆகவே முறைகளை ஒப்பிட எனக்கு ஐந்து கேள்விகள் வேண்டியிருக்கின்றன.

1. அந்த முறை எதைக் காட்டுகிறது: நடையையா, அமைப்பையா?
2. எவ்வளவு நீளமான படைப்புக்குத் தாங்கும்?
3. அது தரும் சான்றை இன்னொருவர் சரிபார்த்து மறுக்க முடியுமா?
4. வெளியில் தெரியாத செலவு என்ன?
5. மரபு தந்ததையும் எழுத்தாளர் தானே தேர்ந்ததையும் பிரித்துக் காட்டுமா?

ஐந்தாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு கூறு படைப்பில் இருக்கிறது என்பதாலேயே அது அந்த எழுத்தாளரின் நடை ஆகிவிடாது. அவருக்கு வேறு வழி இருந்ததா, இருந்தும் இதை எடுத்தாரா என்று தெரிய வேண்டும். "இதை வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பழகினால், எந்த முறையை எடுத்தாலும் பாதி வேலை முடிந்துவிடும்.

## சோதனைக்கு ஒரு பத்தி

ஒரே பத்தியை நாலு முறையிலும் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இதற்காக நானே எழுதியது இது:

"அம்மா விளக்கை ஏற்றினாள். மழை வரவில்லை. அண்ணன் வரவில்லை. கடிதமும் வரவில்லை. பத்து வருடம் இப்படித்தான் போயிற்று. அன்று மாலை வாசலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது; பழகிய சத்தம் போலவும் இருந்தது, பழகாதது போலவும் இருந்தது, உள்ளே போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா திரியைத் தாழ்த்தினாள்."

கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, உங்களை எந்தச் சொல் தடுக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

## வழி ஒன்று: வரிவரியாக நுணுகி வாசிப்பது

இதற்குக் கருவி என்று எதுவும் வேண்டாம். பென்சில் போதும். ஒவ்வொரு சொல்லிலும் நின்று, அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை.

"வரவில்லை" மூன்று முறை வருகிறது. அதைச் சொல்வது கவனிப்பு மட்டும்தான், ஆய்வு அதற்கு அப்புறம் தொடங்குகிறது. மழையும் அண்ணனும் ஒரே வாக்கிய அமைப்பில், ஒரே வினையோடு நிற்கிறார்கள். மகன் வராததை இந்தக் குரல் மழை பொய்ப்பதுபோலச் சொல்கிறது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துப் பழகியதுபோலப் பழகிவிட்டது.

மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் ஒரு "உம்" சேர்கிறது: கடிதமும். உம்மைக்கு எட்டுப் பொருள் உண்டு என்று நன்னூல் சொல்கிறது. இங்கே இரண்டு பொருந்தும். மழை, அண்ணன் என்ற வரிசையில் இன்னொன்றைச் சேர்க்கும் எச்ச உம்மையாக எடுத்தால் "கடிதம்கூடச் சேர்ந்து வரவில்லை" என்று பட்டியல் நீள்கிறது. இழிவுச் சிறப்பாக எடுத்தால் "ஆள் வராவிட்டால் போகட்டும், ஒரு கடிதமாவது வந்திருக்கக்கூடாதா" என்ற ஏக்கம் வந்துவிடுகிறது. முதல் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவைத்த உணர்வு மூன்றாவதில் ஓர் இடைச்சொல் வழியே கசிகிறது. "கடிதம் வரவில்லை" என்று எழுதியிருந்தால் இது போயிருக்கும்.

அடுத்து கடைசி வாக்கியம். அம்மா திரியைத் தாழ்த்துகிறாள், அணைக்கவில்லை. அணைத்திருந்தால் காத்திருப்பு முடிந்தது என்று அர்த்தம். தூண்டியிருந்தால் நம்பிக்கை. தாழ்த்துவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சத்தம் அவள் காதில் விழுந்ததா என்பதையும் அது திறந்தே வைக்கிறது.

நாலு முறையிலும் நடையைக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை. சான்று படைப்பிலேயே இருப்பதால் இன்னொருவர் அதே சொல்லைக் காட்டி மறுக்கலாம். 1929-இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், தன் மாணவர்களுக்கு எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். படித்த மாணவர்கள்கூடக் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டது அதில் வெளிப்பட்டது. பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தியைப் படிப்பது இன்றைக்கும் நல்ல பயிற்சி. புகழ்பெற்ற பெயர் மேலே இருந்தால் நாம் சொல்லைப் பார்க்கும் முன்பே வியந்துவிடுகிறோம்.

சரி, செலவு? முதலாவது நேரம். ரொலாண் பார்த் 1970-இல் பால்சாக்கின் ஒரே ஒரு குறுநாவலை 561 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினார். அதற்கு ஒரு முழுப் புத்தகம் தேவைப்பட்டது. ஐந்நூறு பக்க நாவலை இப்படி ஆராய முடியாது, சில பத்திகளைத்தான் எடுக்க முடியும். அங்கேதான் இரண்டாவது செலவு ஒளிந்திருக்கிறது. உங்கள் கருத்துக்கு ஒத்துவரும் பத்தியை மட்டும் நீங்கள் எடுத்திருக்கலாம். தேர்ந்த பத்தி முழு நாவலுக்கும் பொதுவானதா என்பதை இந்த முறை தானாகச் சொல்லாது.

மூன்றாவது செலவு மொழிபெயர்ப்பைப் படிப்பவர்களுக்கு. மொழிபெயர்ப்பில் "கடிதமும்" என்ற உம்மையை வைத்தவர் மொழிபெயர்ப்பாளர். அதை மூல ஆசிரியரின் நடையாகக் கணக்கில் எழுதினால் அடிப்படையே தவறு. மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் இந்த வழியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது.

## வழி இரண்டு: கதை சொல்லப்படும் விதத்தை வரைவது

நடந்தது வேறு, நடந்ததைச் சொல்லும் வரிசை வேறு. இந்தப் பிரிவினையை 1920-களில் ரஷ்ய உருவவாதிகள், அதாவது படைப்பின் வடிவத்தையே முதன்மையாக ஆராய்ந்த விமர்சகர்கள், கூர்மைப்படுத்தினார்கள். விளாதிமீர் ப்ராப் 1928-இல் நூறு ரஷ்ய மாயக் கதைகளை எடுத்து, ஆட்கள் மாறினாலும் கதையில் நிகழும் செயல்கள் 31-க்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார். 1972-இல் ஜெரார் ஜெனெட் எடுத்துரைப்பை ஐந்து கோணத்தில் பார்க்கச் சொன்னார்: வரிசை, கால அளவு, எத்தனை முறை சொல்லப்படுகிறது என்பது, யார் பார்வையில் எவ்வளவு தெரிகிறது என்பது, யார் குரல்.

நம் பத்தியில் கால அளவைப் பார்ப்போம். பத்து வருடம் நாலு சொல்லில் போய்விடுகிறது. வாசலில் நின்ற சில நொடிகளுக்கு 22 சொல். காலம் ஓடும்போது எழுத்து சுருங்குகிறது, காலம் உறையும்போது எழுத்து நீள்கிறது. எழுத்து எங்கே நீள்கிறதோ அங்கேதான் கதையின் பாரம் இருக்கிறது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே போய்த் தேட வேண்டும்.

எத்தனை முறை என்ற கேள்வி இன்னும் சுவையானது. "அம்மா விளக்கை ஏற்றினாள்" என்று படிக்கும்போது ஒரு மாலை நடந்த ஒரு செயல் என்று எடுத்துக்கொள்கிறோம். "பத்து வருடம் இப்படித்தான் போயிற்று" என்று வந்ததும் பின்னால் திரும்பி அந்த வாக்கியத்தை வேறு மாதிரி படிக்கிறோம்: பத்து வருடம் தினமும் ஏற்றியிருக்கிறாள். பல ஆயிரம் முறை நடந்ததை ஒரே முறை சொல்லியிருக்கிறது. அப்புறம் "அன்று மாலை" என்று வருகிறது, அது ஒரு முறை மட்டும் நடந்தது. வழக்கத்திலிருந்து நிகழ்ச்சிக்குக் கதை தாவும் கீல் அந்த "அன்று".

பார்வையையும் பாருங்கள். "நான்" என்ற சொல் பத்தியின் கடைசிக்குச் சற்று முன்புதான் வருகிறது. அதுவரை இது யாருடைய குரல் என்றே தெரியவில்லை. அம்மாவின் மனதுக்குள் ஒரு முறைகூட நாம் போவதில்லை, அவள் கையை மட்டும் பார்க்கிறோம்.

நாவலுக்கு இதை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். என் வழி எளியது. ஒரு தாளில் அத்தியாய எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்: கதைக்குள் எவ்வளவு காலம் கடக்கிறது, எத்தனை பக்கம், யார் பார்வை, எது மறைக்கப்படுகிறது. முதல் வாசிப்பில் நிரப்ப வேண்டாம், இரண்டாவதில் நிரப்புங்கள். பத்து அத்தியாயம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் மாற்றம் கண்ணில் படும். நாற்பது பக்கம் ஒரே நாளைச் சொல்லிக்கொண்டிருந்த நாவல் திடீரென்று மூன்று பக்கத்தில் இரண்டு வருடத்தைக் கடந்தால், அந்த இரண்டு வருடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் கட்டுரை.

மொழிபெயர்ப்பிலும் இந்த வழி தாங்கும், ஏனென்றால் வரிசையும் பார்வையும் பெரும்பாலும் அப்படியே கடந்து வருகின்றன. நீளமான படைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, முழுப் படைப்பையும் இரண்டு முறை படித்தாக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. இன்னொன்று, கதைச் சுருக்கம் ஆய்வு வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடும். "முதல் பகுதியில் நாயகன் ஊரைவிட்டுப் போகிறான், இரண்டாவதில் திரும்புகிறான்" என்பது சுருக்கம். "அவன் போனது நமக்குச் சொல்லப்படுவது அவன் திரும்பிய பிறகுதான், அதனால் வீட்டாரின் கோபம் காரணம் தெரியாமல் முதலில் நம்மைத் தாக்குகிறது" என்பது ஆய்வு. வேறுபாடு அந்த "அதனால்" என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு கட்டுரையை முடித்ததும் "அதனால்" எத்தனை இடத்தில் நியாயமாக வருகிறது என்று பாருங்கள்.

தொடக்கம், உச்சம், முடிவு என்று முக்கோணம் வரையும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடகத்துக்காக வகுத்த ஐந்து பகுதி வடிவத்திலிருந்து வந்தது அது. எல்லாக் கதையையும் அதற்குள் திணித்தால், உச்சமே இல்லாமல் எழுதப்பட்ட நல்ல கதை குறைபட்டதாகத் தெரியும். நம் பத்திக்கு உச்சம் எது என்று கேட்டுப் பாருங்கள், கேள்வியே பொருந்தாது.

## வழி மூன்று: தமிழ்ச் செய்யுளியலின் கருவிகள்

அணி பெயர் சொல்வது, சீர் பிரிப்பது என்று பள்ளியில் பார்த்த அளவோடு இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் மாத்திரை, அசை, சீர், அடி, தொடை ஆகியவை ஒலி சார்ந்தவை. ஆனால் அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியவையும் இருக்கின்றன. யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எங்கே, எப்போது, எது சொல்லாமல் விடப்பட்டது, இதை இவர்தான் இவரிடம் சொல்ல முடியும் என்று குறிப்பால் உணர்வது. எடுத்துரைப்பியலின் முக்கியமான கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே இங்கே தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. "நோக்கு" என்ற உறுப்பும் உண்டு: மாத்திரை தொடங்கி அடிவரை, கேட்பவரை நிறுத்தித் திரும்பப் பார்க்கவைப்பது. முதல் வழியில் நாம் பென்சிலோடு செய்தது அதைத்தான்.

"கேட்போர்" என்ற கேள்வியை நம் பத்தியிடம் கேளுங்கள். "நான்" யாரிடம் பேசுகிறான், அல்லது பேசுகிறாள்? "அண்ணன்" என்று மட்டும் சொல்கிறது, பெயரில்லை. குடும்பத்தைத் தெரிந்தவரிடம் பேசுவதுபோல இருக்கிறது. ஒருவேளை திரும்பி வந்த அண்ணனிடமே சொல்லப்படுகிறதோ? இல்லை, அப்படியானால் "நீ" வந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போவதே ஆய்வுதான்.

இன்னொன்று. மாலை, மழை, காத்திருப்பு. அகத்திணையில் காரும் மாலையும் முல்லைக்கு உரியவை, இருத்தல் அதன் உரிப்பொருள். அங்கே கார்காலம் வந்தால் பிரிந்தவர் வருவார் என்பது எதிர்பார்ப்பு. மழை முந்திக்கொள்ளும்போது தலைவியின் தவிப்பு கூடும். நம் பத்தியில் மழையே வரவில்லை. வருகைக்குக் குறித்த காலமே பிறக்காதபோது வராமைக்குக் கெடு எது? பத்து வருடக் காத்திருப்பு முடியாமல் நீள்வதற்கு இந்த மரபு ஓர் அர்த்தம் கொடுக்கிறது. தாய்க்கும் மகனுக்கும் முல்லைத்திணை பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம், மறுப்பு சரிதான். ஆகவே "இது முல்லை" என்று எழுதக்கூடாது. "முல்லையின் நினைவை எழுப்பி அதை மாற்றுகிறது" என்று எழுதலாம்.

ஐந்தாவது அளவுகோலில் இந்த வழி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. குறுந்தொகையின் 40-ஆவது பாட்டு ஐந்து அடி. முதல் மூன்று அடியும் கேள்விகளாலும் உறவுப் பெயர்களாலும் நிரம்பியவை. நாலாவது அடி மட்டும் மூன்று சீர்: செம்புலப் பெயனீர் போல. யாப்பு தெரியாதவர் "கவிஞர் இங்கே அடியைக் குறுக்கிப் புதுமை செய்திருக்கிறார்" என்று எழுதிவிடுவார். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, மூன்று சீராக வருவது விதி. குறுக்கியது மரபு. அந்தக் குறுகிய இடத்தில், கேள்விகள் அடங்கிப் பதில் வருவதற்கு முன்னால், உவமையை மட்டும் வைத்ததுதான் கவிஞரின் தேர்வு. அந்தக் கவிஞரின் இயற்பெயர் மறைந்து, உவமையே செம்புலப்பெயனீரார் என்று பெயரானதும் அந்தத் தேர்வின் வலிமைக்குச் சான்று.

செலவைச் சொல்கிறேன். கலைச்சொற்களைப் பழக வேண்டும், உரை இல்லாமல் நகர முடியாது. செய்யுளியலுக்கு இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் உரைகள் இருக்கின்றன, அவர்களே சில இடங்களில் ஒருவரோடொருவர் வேறுபடுகிறார்கள். ஒரு நூற்பாவை ஓர் உரையோடு மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது ஆபத்து. அதைவிடப் பெரிய செலவு, பெயர் சூட்டியதும் நின்றுவிடும் பழக்கம். "இது உவமை அணி" என்பது விடை ஆகாது. உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நாலு அடிப்படை சொல்லப்பட்டிருக்கிறது. செயலால் ஒப்பா, நிறத்தால் ஒப்பா என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் பெயரால் பயன் உண்டு. செம்மண்ணில் பெய்த நீரில் நிறமும் இருக்கிறது, கலத்தல் என்ற செயலும் இருக்கிறது. பாட்டு எதை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கடைசி அடி முடிவு செய்கிறது.

## வழி நாலு: எண்ணிப் பார்ப்பது

வாக்கிய நீளம், திரும்ப வரும் சொல், இடைச்சொற்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கையாலோ கணினியாலோ எண்ணுவது. இதன் பலத்தைக் காட்டிய பழைய உதாரணம் 1964-இல் வெளியானது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 18-ஆம் நூற்றாண்டில் புனைபெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்ற சர்ச்சை இருந்தது. மோஸ்டெல்லரும் வாலஸும் சின்னச் சின்ன இலக்கணச் சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்து, மேடிசன் எழுதியிருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எழுத்தாளர் யோசிக்காமல் போடும் சொற்களில்தான் அவர் கைரேகை அதிகம் பதிகிறது.

நம் பத்தியை எண்ணினால் ஏழு வாக்கியம், 38 சொல். வாக்கிய நீளம் வரிசையாக 3, 2, 2, 2, 4, 22, 3. சராசரி சுமார் 5.4. இந்தச் சராசரியை மட்டும் சொன்னால் "ஐந்தாறு சொல் கொண்ட அளவான வாக்கியங்கள்" என்று தோன்றும். ஐந்து சொல்லோ ஆறு சொல்லோ கொண்ட வாக்கியம் பத்தியில் ஒன்றுகூட இல்லை! சராசரி மறைத்ததை வரிசை காட்டிவிடுகிறது. எண்ணுவதானால் வரிசையையே எழுதிப் பாருங்கள்.

தமிழில் எண்ணுவதற்குத் தனிச் சிக்கல் உண்டு. அரைப்புள்ளியில் வாக்கியம் முடிகிறது என்று வைத்தால் 22 என்பது 7, 15 என்று உடையும். "நின்றுகொண்டே இருந்தேன்" என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல் குறையும். அதைவிட முக்கியம், நம் இடைச்சொற்கள் தனியாக நிற்பதில்லை. உம், ஏ, ஆ, தான் எல்லாம் முந்தின சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளியை வைத்துப் பிரிக்கும் கணினிக்கு இந்தப் பத்தியில் "உம்" என்ற சொல்லே இல்லை. உண்மையில் மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று பத்தியின் மிக மென்மையான இடம். சந்தி பிரித்து, உருபு பிரித்து, எழுத்துப்பிழை திருத்தி உரையைத் தயார் செய்வதிலேயே பெரும்பாலான நேரம் போய்விடும். இந்த உழைப்பை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இன்னொரு செலவு: ஒப்பிட வேறு உரை வேண்டும். "இவர் ஆயிரம் சொல்லுக்கு இத்தனை முறை 'தான்' போடுகிறார்" என்ற எண் தனியாக ஊமை. அதே காலத்தில் அதே வகையில் எழுதிய மற்றவர்கள் எத்தனை முறை போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அது பேசும்.

இத்தனைக்கும் பிறகு இந்த வழிக்கு ஒரு நேர்மை இருக்கிறது. "இவர் வாக்கியங்கள் நீளமானவை" என்று பல வருடமாக எல்லோரும் சொல்லிவரும் ஒன்றை எண்ணிப் பார்த்தால் பொய்யாகிப் போகலாம். நம் காது நம்மை ஏமாற்றும் இடத்தைக் காட்ட வேறு முறையால் முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நுணுகி வாசித்தல் | எடுத்துரைப்பியல் | செய்யுளியல் | எண்ணுதல் |
|---|---|---|---|---|
| காட்டுவது | நடை | அமைப்பு | செய்யுளில் இரண்டும் | நடையின் பழக்கங்கள் |
| தாங்கும் நீளம் | ஒரு பத்தி, ஒரு பாட்டு, ஒரு சிறுகதை | நாவல்வரை | பாட்டு, காப்பியப் பகுதி | எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது |
| மறுக்க முடியுமா | முடியும், சொல்லைக் காட்டி | முடியும், வரைபடத்தைக் காட்டி | முடியும், உரையைக் காட்டி | எளிதாக |
| மறைந்த செலவு | பத்தித் தேர்வில் சார்பு | இரட்டை வாசிப்பு, சுருக்கமாகிவிடுவது | பெயரோடு நின்றுவிடுவது | உரையைத் தயார் செய்யும் உழைப்பு |
| மரபா தேர்வா | தனியாகச் சொல்லாது | வகையைத் தெரிந்தால் ஓரளவு | நன்றாகச் சொல்லும் | ஒப்பீட்டு உரை இருந்தால் |

## யாருக்கு எது

ஒரு சிறுகதை, ஒரு வாரம், நாலு பக்கக் கட்டுரை: நுணுகி வாசியுங்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் எடுத்து, நடுவில் உங்களைத் தடுக்கிய ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டால் போதும். மூன்றும் ஒரே திசையில் போகாவிட்டால் கட்டுரை இன்னும் நன்றாக இருக்கும்.

நாவல் என்றால் வரைபடத்தில் தொடங்குங்கள். கட்டம் மாறும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்தின் இரண்டு பக்கத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். பத்தியைத் தேர்ந்ததற்கு இப்போது காரணம் இருக்கிறது, சார்பு குறைகிறது. இரண்டு முறைகளைச் சேர்ப்பதில் எனக்கு மிகவும் நம்பிக்கையான வரிசை இது.

சங்கப் பாட்டு, காப்பியம், பக்திப் பாடல் என்று யாப்போடு வருவது எதுவானாலும் செய்யுளியலைத் தவிர்க்க வழியில்லை. புதுக்கவிதைக்குக்கூடக் கூற்று, கேட்போர், எச்சம் மூன்றையும் கேட்டுப் பார்க்கப் பரிந்துரைப்பேன். திணைப் பெயரை மட்டும் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள்.

ஓர் எழுத்தாளரின் முழுப் படைப்பையும் எடுத்த ஆய்வாளர், ஆரம்பகால எழுத்தையும் பிற்கால எழுத்தையும் ஒப்பிடுபவர், ஆசிரியர் யார் என்ற சர்ச்சையில் இறங்குபவர் ஆகியோருக்கு எண்ணிக்கை வேண்டும். ஒரே ஒரு சிறுகதைக்கு எண்ணத் தொடங்குவது வீண். அவ்வளவு சிறிய உரையில் எண்கள் எதையும் உறுதியாகச் சொல்லா. நம் பத்தியில் நான் எண்ணியதுகூட முறையைக் காட்டுவதற்குத்தான்.

தன் கதையைத் தானே திருத்துபவர் ஒரு கட்டத்தில் வாக்கிய நீளங்களை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். எல்லாம் ஏழு, எட்டு, ஏழு, எட்டு என்று போனால் காதுக்குத் தெரியாமல் தாளம் தூங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எண்களை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள்.

## இரண்டு முறைகள் முரண்பட்டால்

இது நடக்கும், பயப்பட வேண்டாம். நம் பத்தியிலேயே நடக்கிறது. எண்ணிப் பார்த்தால் 22 சொல் வாக்கியம்தான் மையம், மொத்தச் சொல்லில் பாதிக்கு மேல் அங்கே இருக்கிறது. எடுத்துரைப்பியலும் அதையே சொல்கிறது: காலம் உறைந்தது அங்கேதான், "நான்" வெளிப்பட்டது அங்கேதான். ஆனால் நுணுகி வாசித்தபோது நான் மிக அதிக நேரம் நின்றது கடைசி மூன்று சொல்லில்.

இரண்டில் ஒன்றை அடித்துவிடத் தோன்றும். அடிக்காமல், முரணையே கேள்வியாக்கினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். நீளமான வாக்கியம் முழுக்க "நான்" தயங்குகிறது: சொல்லலாமா, வேண்டாமா. அந்தத் தயக்கம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு நேரம் உள்ளே அம்மா ஏதோ செய்துகொண்டோ கேட்டுக்கொண்டோ இருந்திருக்கிறாள், அது நமக்குச் சொல்லப்படவில்லை. 22 சொல் செலவழித்து முடிவெடுக்க முடியாமல் நிற்பவருக்கு, மூன்று சொல்லில் ஒரு கை பதில் சொல்லிவிடுகிறது. எண்ணிக்கை காட்டிய மையம் சொல்பவருடையது, வாசிப்பு காட்டிய மையம் அம்மாவுடையது. பத்திக்கு இரண்டு மையம் இருப்பதாகத் தெரிந்ததும், தொடக்கத்தில் நீங்கள் குறித்துவைத்த சொல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் கட்டுரையைத் தொடங்கலாம்.